சொன்ன சம்பளமும் கைக்கு வந்த சம்பளமும்: முதல் வேலையில் சேர்ந்தவர்களுக்கான வழிகாட்டி

ஆண்டுக்கு 7,20,000 ரூபாய் என்று பணி ஆணையில் அச்சிட்டிருக்கிறார்கள். வீட்டில் எல்லோரும் அதை 12-ஆல் வகுத்து, மாதம் 60,000 என்று உறவினர்களுக்கும் சொல்லியாகிவிட்டது. மாதக் கடைசியில் வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தி 44,400 என்கிறது. "வரியிலேயே பாதி போய்விடுகிறது" என்ற புலம்பல் அங்கே தொடங்குகிறது. உண்மையில் இந்தச் சம்பளத்துக்கு வருமான வரி ஒரு ரூபாய்கூடப் பிடிக்கப்படவில்லை. குறைந்த 15,600 ரூபாயில் ஏறத்தாழ பாதி உங்கள் பெயரிலேயே வேறோர் இடத்தில் சேர்கிறது. மிச்சம், முதலிலிருந்தே மாதச் சம்பளமாகத் தருவதாக யாரும் சொல்லாத பணம்.

எந்தத் தொகை எந்த வகை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் சம்பளச் சீட்டு எளிதாகிவிடும். கீழே உள்ள வருமான வரி எண்கள் 2025-26 நிதியாண்டுக்கு உரியவை. 2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறைக்கு வருகிறது. பிரிவு எண்கள் மாறுகின்றன. 'மதிப்பீட்டு ஆண்டு' என்று குழப்பிய சொல் போய், 'வரி ஆண்டு' வருகிறது. கணக்குப் போடும் முறை ஏறத்தாழ இதேதான். விகிதங்களை மட்டும் ஒவ்வொரு பட்ஜெட்டுக்குப் பிறகும் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: பணி ஆணையைப் பிரித்துப் பாருங்கள்

சி.டி.சி. என்பது உங்களை வேலையில் வைத்திருக்க நிறுவனத்துக்கு ஆண்டுக்கு ஆகும் மொத்தச் செலவு. அதை உங்கள் சம்பளம் என்று படிப்பதில்தான் முதல் தவறு. பணி ஆணையின் கடைசிப் பக்கத்தில், பெரும்பாலும் யாரும் படிக்காத இணைப்பில், அதன் பிரிவுகள் இருக்கும். மேலே சொன்ன 60,000 ரூபாயையே எடுத்துக்கொள்வோம்.

அடிப்படைச் சம்பளம் 30,000. இதை வைத்துத்தான் மற்றவை கணக்கிடப்படுகின்றன. நிறுவனம் உங்கள் வருங்கால வைப்பு நிதிக்குத் தரும் 12 சதவீதம் 3,600. விலகும்போது மொத்தமாகத் தரும் பணிக்கொடைக்காக (கிராஜுவிட்டி) ஒதுக்குவது அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம், அதாவது 1,443. குழு மருத்துவக் காப்பீட்டுக்கு 957 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு இறுதியில் செயல்பாட்டைப் பார்த்துத் தரும் மாறுபடும் ஊதியம், மாதக் கணக்கில் 6,000. அடிப்படைச் சம்பளம் நீங்கலான இந்த நான்கையும் 60,000-இல் கழித்தால் 48,000. சம்பளச் சீட்டில் 'மொத்தச் சம்பளம்' என்று வருவது இதுதான். அதாவது ஒரு பிடித்தமும் தொடங்குவதற்கு முன்பே 12,000 ரூபாய் விலகிவிட்டது.

இந்த நான்கில் மாறுபடும் ஊதியத்தைத்தான் கூர்ந்து கவனிக்க வேண்டும். அதன் விதிகளை நிறுவனம் எழுதுகிறது. முழுதாக வரலாம், பாதி வரலாம், ஆண்டு முடிவதற்குள் விலகினால் வராமலே போகலாம். பணிக்கொடைக்கு நெடுங்காலமாக ஐந்து ஆண்டுத் தொடர் பணி வேண்டும் என்பதே விதி. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்கு இதை ஓராண்டாகக் குறைத்தன. நிரந்தரப் பணியில் சேர்ந்து இரண்டாம் ஆண்டிலேயே வேறு இடம் தாவும் எண்ணம் இருந்தால், சி.டி.சி.யில் உள்ள அந்த 1,443 ரூபாயைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இரண்டு நிறுவனங்களின் வாய்ப்பை ஒப்பிடும்போது சி.டி.சி.யை ஒதுக்கிவைத்து, மாதாந்திர மொத்தச் சம்பளத்தையும் நிறுவனத்தின் வைப்பு நிதிப் பங்கையும் கூட்டி ஒப்பிடுவதே நியாயமான வழி.

அதே சட்டத் தொகுப்புகளில் இன்னொரு மாற்றமும் உண்டு. ஊதியம் என்று கணக்கிடப்படுவது மொத்த ஊதியத்தில் பாதிக்குக் குறையக் கூடாது. அடிப்படைச் சம்பளத்தை 30 சதவீதத்தில் வைத்துவிட்டு மீதியை 'சிறப்புப் படி' என்று நிரப்பும் பழைய உத்திக்கு இதனால் இடம் குறைகிறது. அப்படி அமைத்திருந்த நிறுவனங்கள் மாற்றினால் வைப்பு நிதிப் பிடித்தம் கூடி, கைச்சம்பளம் சற்றுக் குறையக்கூடும்.

இரண்டாம் படி: வருங்கால வைப்பு நிதி

பிடித்தங்களில் பெரியது இதுதான். அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். உங்கள் அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் உங்கள் பங்கு. நமது உதாரணத்தில் 3,600. 48,000-இல் இதைக் கழித்தால் 44,400. குறுஞ்செய்தியில் வந்த தொகை கிடைத்துவிட்டது. நிறுவனம் தன் பங்காக அதே 3,600-ஐப் போடுகிறது. ஆக மாதம் 7,200 ரூபாய், ஆண்டுக்கு 86,400. 2024-25-க்கான வட்டி 8.25 சதவீதம். சேமிப்புக் கணக்கில் கிடைப்பதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு நல்ல இடம் என்று தெரியும்.

இங்கே ஒரு நுணுக்கம். நிறுவனத்தின் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகும் என்று எல்லா இடத்திலும் படித்திருப்பீர்கள். அது அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்குப் பொருந்தும். 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு முதன்முறையாக உறுப்பினராகி, அப்போதே 15,000-க்கு மேல் வாங்குபவர் ஓய்வூதியத் திட்டத்தில் சேர முடியாது. நிறுவனத்தின் பங்கு முழுவதும் வைப்பு நிதிக்கே வர வேண்டும். நிறுவனத்தின் சம்பளப் பிரிவே சில நேரம் இதில் தவறி, மாதம் 1,250 ரூபாயை ஓய்வூதியத்துக்கு அனுப்பிவிடும். பல ஆண்டுகள் கழித்துப் பணத்தை எடுக்கப் போகும்போதுதான் சிக்கல் தெரியவரும். முதல் மூன்று மாதத்துக்குள் வைப்பு நிதி பாஸ்புக்கைத் திறந்து, ஓய்வூதியம் என்ற பத்தியில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். தவறென்றால் உடனே மின்னஞ்சலில் எழுதுங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள்.

சில நிறுவனங்கள் உங்கள் பிடித்தத்தை 1,800 ரூபாயோடு நிறுத்திக்கொள்ளும். 15,000-இல் 12 சதவீதம் அது; சட்டப்படி சரியே. கைச்சம்பளம் கூடும், சேமிப்பு குறையும். இன்னும் சில இடங்களில், சேரும்போது படிவம் 11-ஐ நீட்டி "வைப்பு நிதி வேண்டாம் என்று எழுதித்தரலாம்" என்பார்கள். இதுவரை உறுப்பினராக இல்லாத, 15,000-க்கு மேல் வாங்கும் புதியவருக்கு அந்த உரிமை இருக்கிறது. என்னைக் கேட்டால், வீட்டில் கடன் நெருக்கடி கழுத்தைப் பிடித்தால் தவிர அதில் கையெழுத்திட வேண்டாம். இருபத்திரண்டு வயதில் கைக்கு வரும் கூடுதல் 3,600 ரூபாய் எங்கே போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

யு.ஏ.என். என்னும் 12 இலக்க வைப்பு நிதி எண் ஒருவருக்கு வாழ்நாளுக்கும் ஒன்றுதான். உமங் என்னும் அரசுச் செயலியில் அதைச் செயல்படுத்துங்கள். பெயர், பிறந்த தேதி, பாலினம் ஆகியவை ஆதாரில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கின்றனவா என்று பாருங்கள். நம் ஊர்ப் பெயர்களுக்கு இதில் தனித் தலைவலி உண்டு. முன்னெழுத்து ஓர் ஆவணத்தில் முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் விரித்து எழுதப்பட்டு இருக்கும். இன்று பத்து நிமிடத்தில் முடியும் திருத்தம், பணம் தேவைப்படும் நாளில் மாதக்கணக்கில் இழுக்கும். வாரிசு நியமனத்தையும் அப்போதே முடித்துவிடுங்கள். உறுப்பினர் பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வரை தரும் காப்பீடு இந்தக் கணக்கோடு சேர்ந்தே வருகிறது. அதற்கான கட்டணம் நிறுவனத்தின் பொறுப்பு.

பிடித்த பணத்தை நிறுவனம் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்து, பாஸ்புக்கில் மாதக்கணக்கில் வரவு இல்லையென்றால் அது சாதாரணத் தாமதம் ஆகாது. கேட்க வேண்டிய விஷயம்.

மூன்றாம் படி: சம்பளம் 21,000-க்குள் என்றால் இ.எஸ்.ஐ.

பட்டம் பெற்றவர் எல்லோரும் 60,000-இல் தொடங்குவதில்லை. கணக்கர், ஆய்வக உதவியாளர், தனியார் பள்ளி ஆசிரியர் என்று 15,000, 18,000 ரூபாயில் தொடங்குபவர்கள்தான் நம்மிடையே மிகுதி. மாதச் சம்பளம் 21,000 வரை இருந்து, நிறுவனமும் திட்டத்துக்குள் வந்தால் இ.எஸ்.ஐ. என்னும் அரசுக் காப்பீடு உண்டு. உங்கள் பங்கு 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம். 18,000 ரூபாய்க்கு மாதம் 135 ரூபாய் பிடிப்பார்கள்.

அந்த 135 ரூபாய்க்கு உங்களுக்கு மட்டுமல்லாமல், உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் மருத்துவம் கிடைக்கும். சென்னையில் கே.கே. நகரிலும் அயனாவரத்திலும் பெரிய இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் இருக்கின்றன. வயதான பெற்றோருக்குத் தனியார் காப்பீடு எடுக்க என்ன விலை கேட்கிறார்கள் என்று விசாரித்துப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். ஆனால் அடையாள அட்டையை இறக்கி, பெற்றோரின் விவரத்தைச் சேர்த்து, மருந்தகத்தைத் தேர்ந்தெடுத்து வைத்தால்தான் அவசரத்துக்கு உதவும். ஊதிய உயர்வில் 21,000-ஐத் தாண்டினாலும் அந்தப் பங்களிப்புக் காலம் முடியும்வரை, அதாவது செப்டம்பர் அல்லது மார்ச் வரை, பிடித்தமும் பயனும் தொடரும்.

நான்காம் படி: தொழில் வரி

ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் ஒரு முறையும், ஜனவரி முதல் மார்ச்சுக்குள் ஒரு முறையும் சம்பளம் திடீரென்று 1,250 ரூபாய் குறைந்து வரும். இது வருமான வரியோடு சம்பந்தமில்லாதது. தமிழ்நாட்டில் தொழில் வரி மாநகராட்சி, நகராட்சி போன்ற உள்ளாட்சிகளுக்குப் போகிறது. அரையாண்டுக்கு ஒரு முறை வசூலாகிறது. சென்னை மாநகராட்சியில் அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டினால் 1,250. அதற்குக் கீழே படிப்படியாகக் குறைந்து, 21,000 வரை வரி இல்லை. ஆண்டுக்கு 2,500-க்கு மேல் யாரிடமும் வாங்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 276-ஆவது பிரிவு வரம்பு கட்டியிருக்கிறது. இதன் விளைவு விசித்திரமானது: மாதம் 13,000 வாங்கும் கடை ஊழியரும் 3 லட்சம் வாங்கும் மேலாளரும் சென்னையில் கட்டும் தொழில் வரி ஒன்றே. பெங்களூரில் சேர்ந்த நண்பருக்கு மாதந்தோறும் 200 (பிப்ரவரியில் 300) பிடிப்பது அங்கே மாநில அரசே மாதக் கணக்கில் வசூலிப்பதால்.

டிசம்பர் சம்பளத்தில் தொழிலாளர் நல நிதி என்று ஒரு சிறு தொகையும் போகலாம். கவலைப்படும் அளவு இல்லை.

ஐந்தாம் படி: வருமான வரிக் கணக்கு

இப்போதுதான் உண்மையான வரிக்கு வருகிறோம். புதிய வரி முறையில் ஆண்டுச் சம்பளத்திலிருந்து முதலில், சம்பளக்காரர் எல்லோருக்கும் பொதுவாகக் கழிக்கும் 75,000 ரூபாய் நிலைக்கழிவு. மீதமுள்ளதில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10, 12 முதல் 16 வரை 15, 16 முதல் 20 வரை 20, 20 முதல் 24 வரை 25, அதற்கு மேல் 30. அந்தந்த அடுக்கில் விழும் தொகைக்கு மட்டுமே அந்த விகிதம். "ஊதிய உயர்வு வாங்கினால் அடுத்த அடுக்குக்குப் போய், மொத்தச் சம்பளத்துக்கும் வரி கூடிவிடும்" என்பது அலுவலகக் கேன்டீன்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் தவறான செய்தி.

வரிக்குரிய வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால், கணக்கில் வரும் 60,000 வரையிலான வரியைத் தள்ளுபடி செய்துவிடுகிறார்கள். நமது உதாரணத்தில் மொத்தச் சம்பளம் 5,76,000. மாறுபடும் ஊதியம் முழுதாக வந்தாலும் 6,48,000. 75,000 கழித்தால் 5,73,000. நான்கு லட்சத்துக்கு மேல் உள்ள 1,73,000-க்கு 5 சதவீதம் 8,650 ரூபாய். தள்ளுபடியில் அது பூஜ்யமாகிறது. சம்பளம் மட்டுமே வருமானமாக உள்ளவருக்கு 12,75,000 வரை இதே நிலைதான். வரிக்குரிய வருமானம் 12 லட்சத்தைச் சிறிது தாண்டினாலும் இடி விழாது. அது 12,10,000 என்றால் சாதாரணக் கணக்கில் 61,500 ரூபாய் வரி வரும். ஆனால் தாண்டிய 10,000-ஐ விட அதிகமாக வரி வாங்கக் கூடாது என்ற நிவாரணம் இருப்பதால் 10,000-மும் அதன்மேல் 4 சதவீதக் கூடுதல் தீர்வையும் சேர்த்து 10,400-தான்.

மொத்தச் சம்பளம் 15 லட்சம் வாங்குபவருக்கு: 75,000 போக 14,25,000. இரண்டாம் அடுக்கில் 20,000, மூன்றாவதில் 40,000, நான்காவதில் 2,25,000-க்கு 33,750, ஆக 93,750. தீர்வையோடு 97,500. மாதம் 8,125.

இதை நிறுவனம் எப்படிப் பிடிக்கிறது என்பதில் ஒரு பொறி இருக்கிறது. அந்த நிதியாண்டில் உங்களுக்கு எவ்வளவு வரும் என்று மதிப்பிட்டு, வரியைக் கணக்கிட்டு, மீதமுள்ள மாதங்களுக்குப் பகிர்ந்து பிடிப்பார்கள். இதே 15 லட்சக்காரர் அக்டோபரில் சேர்ந்தால் மார்ச் வரை அவருக்கு வருவது 7,50,000 மட்டும். வரி பூஜ்யம். ஆறு மாதம் முழுச் சம்பளத்தில் பழகி, அதை நம்பி பைக்குக்கு மாதத் தவணையும் எடுத்துவிடுவார். ஏப்ரலில் 8,125 குறைந்து வரும்போது, சம்பளப் பிரிவு ஏதோ தவறு செய்துவிட்டது என்று சண்டைக்குப் போவார். ஆண்டின் நடுவில் சேர்ந்தவர்கள் முதல் மார்ச்சுக்குள்ளேயே முழு ஆண்டுக்கான கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

ஆறாம் படி: பழைய முறையா, புதிய முறையா

புதிதாக வேலைக்கு வந்தவருக்கு இதில் நெடிய விவாதம் தேவையில்லை. சம்பளம் 12,75,000-க்குள் என்றால் புதிய முறை, விஷயம் முடிந்தது. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டாலும் நிறுவனம் புதிய முறையில்தான் கணக்கிடும். 15 லட்சத்திலும், சேமிப்பு, வாடகை போன்றவற்றைக் கழிக்க விடும் பழைய முறை லாபமாக இருக்க நிலைக்கழிவு போக ஏறத்தாழ 5,43,000 ரூபாய்க்குக் கழிவுகள் காட்ட வேண்டும். 80சி பிரிவில் கழிவு தரும் சேமிப்புகளில் 1,50,000 போட்டு, பெருந்தொகை வாடகையும் கட்டி, கல்விக் கடனுக்கு வட்டியும் செலுத்தினால்தான் அது நெருங்கும். கல்விக் கடன் வட்டிக் கழிவு பழைய முறையில் மட்டும் உண்டு என்பதால், பெரிய கடனோடும் பெரிய சம்பளத்தோடும் வந்தவர்கள் ஒரு முறை ஒப்பிட்டுப் பார்க்கலாம். வருமான வரித் துறையின் இணையதளத்தில் அதற்கான கணிப்பான் இருக்கிறது.

ஜனவரி பிறந்ததும் "வரி மிச்சமாகும்" என்று காப்பீட்டுத் திட்டங்களோடு வரும் சித்தப்பாவின் நண்பரிடம், "நான் புதிய முறையில் இருக்கிறேன், 80சி எனக்குப் பொருந்தாது" என்று சொல்லிவிடுங்கள். வரி பூஜ்யமாக இருப்பவர் வரியை மிச்சப்படுத்த இருபது ஆண்டுத் தவணைக்குக் கையெழுத்திடும் கொடுமை இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ஏழாம் படி: சம்பளத்துக்கு வெளியே உள்ள வருமானம்

பயிற்சிக் காலத்தில் வாங்கிய உதவித்தொகையில் 10 சதவீதம் பிடித்திருந்தால் அது, உங்கள் பான் எண்ணில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் தெரியும். கணக்குத் தாக்கல் செய்தால் திரும்பக் கிடைக்க வாய்ப்பு அதிகம். வைப்புத்தொகை வட்டி வருமானத்தோடு சேரும். பங்குச் சந்தையில் கை வைத்தவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: ஓராண்டுக்குள் விற்ற பங்கின் லாபத்துக்கு 20 சதவீதம் வரி, மேலே சொன்ன 60,000 ரூபாய்த் தள்ளுபடியில் கரையாது. கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீதம். இவை நிறுவனத்தின் கணக்கில் வராதவை. நீங்கள் சொல்லாவிட்டாலும் ஏஐஎஸ் என்னும் வருடாந்திரத் தகவல் அறிக்கையில் பெரும்பாலும் வந்துவிடும்.

எட்டாம் படி: படிவம் 16, பிறகு கணக்குத் தாக்கல்

ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் படிவம் 16-ஐ ஜூன் 15-க்குள் நிறுவனம் தர வேண்டும். அதையும் 26ஏஎஸ், ஏஐஎஸ் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பிடித்த வரி 26ஏஎஸ்-இல் இல்லையென்றால் நிறுவனம் கட்டவில்லை, அல்லது உங்கள் பான் எண்ணைத் தவறாகப் பதிந்திருக்கிறது.

வரி பூஜ்யம் என்றால் தாக்கல் வேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள். புதிய முறையில் மொத்த வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால், தள்ளுபடியால் வரி இல்லாமல் போனாலும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். வழக்கமான கடைசி நாள் ஜூலை 31. தவறினால் வருமானம் 5 லட்சம் வரை 1,000 ரூபாயும், அதற்கு மேல் 5,000 ரூபாயும் தாமதக் கட்டணம். சம்பளமும் வட்டியும் மட்டும் என்றால் சஹஜ் எனப்படும் ஐடிஆர்-1 படிவம் போதும். குறுகிய காலப் பங்கு லாபம் இருந்தால் அது செல்லாது, ஐடிஆர்-2 வேண்டும். அனுப்பிய பிறகு 30 நாட்களுக்குள் ஆதார் ஓடிபி மூலம் சரிபார்க்க வேண்டும். அதைச் செய்யாத கணக்கு தாக்கல் ஆகாததற்குச் சமம்.

ஐடிஆர்-1 நீங்களே அரை மணி நேரத்தில் முடிக்கக்கூடியது. "பிடித்த வரி முழுவதையும் திரும்ப வாங்கித் தருகிறேன், அதில் எனக்கு இத்தனை சதவீதம்" என்று அலுவலகத்துக்குள் வலம்வரும் முகவர்களை நெருங்கவிடாதீர்கள். இல்லாத வாடகை, கொடுக்காத நன்கொடை என்று எழுதித்தான் அவர்கள் பணம் வாங்கித் தருகிறார்கள். 2025 ஜூலையில் இத்தகைய பொய்க் கழிவுகளுக்கு எதிராகத் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் வருமான வரித் துறை சோதனை நடத்தியது. தவறான தகவலுக்கு, ஏய்த்த வரியைப் போல 200 சதவீதம் வரை அபராதம் உண்டு. கணக்கு உங்கள் பான் எண்ணில் போகிறது. முகவர் அப்போது தொலைபேசியை எடுக்க மாட்டார்.

ஒன்பதாம் படி: வேலை மாறும்போது

நிதியாண்டின் நடுவில் மாறினால், பழைய நிறுவனத்தில் அதுவரை வாங்கிய சம்பளத்தையும் பிடித்த வரியையும் புதிய இடத்தில் படிவம் 12பி மூலம் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் இரண்டு நிறுவனங்களும் தனித்தனியே 75,000 கழித்து, 4 லட்சத்தைத் தனித்தனியே விலக்கி, இரண்டுமே வரி இல்லை என்று முடிவுசெய்துவிடக்கூடும். ஜூலையில் இரண்டு படிவம் 16-களையும் கூட்டும்போது மொத்த வரியும், அதன்மேல் வட்டியும் ஒரே தவணையில் உங்கள் தலையில் விழும்.

வைப்பு நிதியை எடுத்துச் செலவழிக்காமல் அதே யு.ஏ.என்.-க்கு மாற்றுங்கள். ஐந்து ஆண்டுத் தொடர் பணிக்கு முன் எடுத்தால் அது வரிக்குரிய வருமானம். 50,000-க்கு மேல் போனால் 10 சதவீதம் பிடித்தே தருவார்கள், பான் இணைக்கவில்லையென்றால் அதற்கும் மேல். விலகும் முன், நிறுவனத்தின் மின்னஞ்சல் முடக்கப்படுவதற்குள், எல்லாச் சம்பளச் சீட்டுகளையும் படிவம் 16-ஐயும் சொந்தக் கணக்குக்கு இறக்கிக்கொள்ளுங்கள். இணையத்தில் வைப்பு நிதியின் விலகல் தேதி பதிவாகிவிட்டதா என்று இரண்டு மாதம் கழித்து ஒரு முறை பாருங்கள். அது பதிவாகாமல் பழைய பணம் புதிய கணக்குக்கு நகராது.